நூற்று இருபத்தேழுக்கு அப்பால்

ரவுட்டரில் முதல்முறையாகக் கை வைக்கப்போகும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். கட்டளைகள் எதுவும் இதில் இல்லை. அவை என்னைவிட உங்களுக்கு நன்றாகவே தெரியும். இருபத்தெட்டு ஆண்டுகள் இந்த வேலையைப் பார்த்தேன். அதில் கடைசிப் பதினோரு ஆண்டுகள் புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில். ஐம்பத்தாறாவது வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். அந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரே ஒரு பிற்பகலையும், அதற்குப் பிறகு வந்த ஆறு நாட்களையும் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

நான் தினமும் டைரி எழுதுகிறவன். நேரம் போட்டுத்தான் எழுதுவேன். கீழே வரும் நேரங்கள் டைரியில் உள்ளபடி.

மருத்துவமனையின் முதல் மாடியில் ஒரு வார்டு இருந்தது. ஐசியுவிலிருந்து வெளியே வந்தவர்களைப் பொது வார்டுக்கு அனுப்பும் முன் இரண்டு மூன்று நாட்கள் அங்கே வைத்திருப்பார்கள். பதினான்கு படுக்கைகள்; எண்கள் 121 முதல் 134 வரை. முதல் ஆறு படுக்கைகள் நர்ஸ் மேசைக்கு எதிரே, திறந்த கூடத்தில். மற்ற எட்டும் வராந்தா திரும்பியதும் வரும் தனி அறைகளில். ஏசிக்காக அந்த அறைகளின் கதவுகள் எப்போதும் சாத்தியே இருக்கும். ஒவ்வொரு படுக்கையின் தலைமாட்டிலும் ஒரு மானிட்டர். பதினான்கு மானிட்டர்களும் நர்ஸ் மேசையில் இருந்த ஒரே பெரிய திரையில் பதினான்கு கட்டங்களாகத் தெரியும். அறைக்குள் மானிட்டர் கத்தினால் மேசைக்குக் கேட்காது. திரை கத்தினால் கேட்கும். அதற்காகத்தான் அந்தத் திரை.

அந்த மாடி முழுவதும் ஒரே சப்நெட், அதாவது ஒரே முகவரித் தொகுதி. கடைசி எண் 1 முதல் 254 வரை. அதில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. பக்கத்தில் புதிதாகக் கட்டிய கட்டடத்துக்கு முகவரிகள் தேவைப்பட்டன. இருந்ததை இரண்டாக வெட்டி, மேல் பாதியைப் புதிய கட்டடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று முடிவாயிற்று. தொகுதி எதுவரை என்று ரவுட்டருக்குச் சொல்லும் மாஸ்க்கின் கடைசி எண்ணை 0-விலிருந்து 128 ஆக்க வேண்டும். 129-இலிருந்து மேலே உள்ளவற்றை ரவுட்டரின் வேறொரு வாயிலில், இன்டர்ஃபேஸில், வைக்க வேண்டும். வெட்டும் இடத்தில் உள்ள 127, 128 இரண்டையும் அதன் பிறகு எந்தக் கருவிக்கும் கொடுக்க முடியாது. ஐந்து நிமிட வேலை.

இந்த மாதிரி வேலைகளை ஞாயிறு காலையில் மட்டுமே செய்வது என்று ஒரு விதி இருந்தது. அதை எழுதியவனே நான்தான். ஆனால் வியாழக்கிழமை காலை புதிய கட்டடத்தை ஒப்படைக்க வேண்டியிருந்தது. புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த எங்கள் துறைத் தலைவர், இன்றைக்கே முடித்துவிட முடியுமா என்று கேட்டார். என் முகவரிப் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். முதல் மாடி மானிட்டர்கள் 121 முதல் 126 வரை என்று இருந்தது. 127-இலிருந்து மேலே எல்லாம் வெற்றுக் கோடுகள். முடியும் என்றேன்.

என் பதிவேடு சுத்தமாக இருக்கும். அடித்தல் திருத்தல் இருக்காது. மற்ற பிரிவுக்காரர்கள்கூட அதைக் காட்டித்தான் புதியவர்களுக்குச் சொல்லுவார்கள். அதுதான் வினையாயிற்று. தனி அறைகள் எட்டும் பிறகு சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு மானிட்டர் மாட்ட வந்த கம்பெனி டெக்னீஷியனுக்கு ஒரு பழக்கம் உண்டு: படுக்கை எண் என்னவோ, அதையே முகவரியின் கடைசி எண்ணாகவும் வைத்துவிடுவார். பழுது பார்க்க வரும்போது தேட வேண்டியதில்லை பாருங்கள். அப்படி 127 முதல் 134 வரை எட்டு மானிட்டர்கள் என் வெற்றுக் கோடுகளில் குடியேறியிருந்தன. என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானும் போய்ப் பார்க்கவில்லை. ரவுட்டரிடம் கேட்டிருந்தால் அது சொல்லியிருக்கும். யார் யார் அதனோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பட்டியல் அதனிடம் எப்போதும் உண்டு. ஒரு வரி அடித்தால் போதும். பதிவேடு அவ்வளவு சுத்தமாக இருந்ததால் எனக்கு அடிக்கத் தோன்றவில்லை.

2.10-க்கு மாற்றினேன். 121-க்கு பிங் அனுப்பினேன், இருக்கிறாயா என்று கேட்கும் சின்னச் செய்தி அது; பதில் வந்தது. 122-க்கு அனுப்பினேன், வந்தது. 2.14-க்கு டைரியில் "முடிந்தது, சரி" என்று எழுதினேன்.

2.25-க்கு இன்டர்காம் அடித்தது. முதல் மாடி ஸ்டாஃப் நர்ஸ் பிலோமினா. மூலக்குளத்திலிருந்து வருகிற பெண். முப்பது வயதுக்குள் இருக்கும். சும்மா போன் செய்கிற ஆளில்லை.

"சார், ஸ்க்ரீன்ல எட்டு பெட் காணாம போயிடுச்சு. ரூம் பேஷண்ட் எல்லாம் போயிட்டாங்க, கூடத்துல இருக்குற ஆறு பேருதான் தெரியறாங்க."

நான் மறுபடி 121-க்கு பிங் அனுப்பினேன். பதில் வந்தது.

"இங்க எல்லாம் சரியா இருக்கு சிஸ்டர். உங்க கம்ப்யூட்டர ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"ஆஃப் பண்ணா இருக்குற ஆறும் போயிடுமே சார்."

"ரெண்டு நிமிஷம்தான்."

அவர் சொன்னதைக் கவனியுங்கள். எட்டு போயிற்று, ஆறு இருக்கிறது. போனவை எல்லாம் அறைகள், இருப்பவை எல்லாம் கூடம். கோளாறு எந்த இடத்தில் வெட்டியிருக்கிறது என்று ஒரு நர்ஸ் எனக்கு எல்லைக்கோடு போட்டுக் காட்டியிருக்கிறார். பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு சப்நெட்டைப் பாதியாக வெட்டியவன் நான். அந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. என் திரையில் பதில் வந்துகொண்டிருந்தது. அது எனக்குப் போதுமாக இருந்தது.

2.40-க்கு மறுபடி அழைத்தார். ஆஃப் செய்து ஆன் செய்தாயிற்று, அதே ஆறுதான் வருகிறது, கூட இருந்த நர்ஸ் ஒரு நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துக்கொண்டு கீழே போயிருக்கிறார், தான் தனியாக இருக்கிறேன் என்றார். மேலே வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். மானிட்டர் கம்பெனிக்கு போன் செய்யச் சொன்னேன். பத்து நிமிடத்தில் நானும் வருகிறேன் என்றேன். டைரியில் இரண்டு அழைப்புகளையும் குறித்தேன். "மு.மாடி, திரைக் கோளாறு, கம்பெனிக்குச் சொல்லச் சொன்னேன்." பிறகு புதிய கட்டடத்து இன்டர்ஃபேஸுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன்.

3.03-க்கு ஒலிபெருக்கியில் அவசர அழைப்பு வந்தது. முதல் மாடி, படுக்கை எண் நூற்று முப்பத்தொன்று. இரண்டு தடவை சொன்னார்கள்.

நூற்று முப்பத்தொன்று, நூற்று இருபத்தேழைவிடப் பெரிது. அவ்வளவுதான் என் மனதில் ஓடியது. அதற்குள் எல்லாமே இருந்தது.

மேலே ஓடாமல் கீபோர்டை இழுத்தேன். பழைய மாஸ்க்கை அடித்தேன். ரவுட்டர் ஏற்க மறுத்தது. மேல் பாதி இன்னும் புதிய இன்டர்ஃபேஸில் இருந்ததால், இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறது என்று சொல்லிற்று. மறுபடி அதையே அடித்தேன். மறுபடி மறுத்தது. முதலில் புதியதிலிருந்து எடுக்க வேண்டும், பிறகு பழையதற்குக் கொடுக்க வேண்டும். நானே பலருக்குச் சொல்லிக்கொடுத்த வரிசை. கை அதை மறந்திருந்தது. எழுந்து நின்று, மேசையைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக அடித்தேன். 3.06-க்குச் சரியானது.

மேலே போனபோது திரையில் பதினான்கு கட்டங்களும் இருந்தன. 131-இன் கட்டத்தில் அலைகள் ஓடிக்கொண்டிருந்தன. உயிர் இருக்கிறது என்று நினைத்தேன். அறை வாசலுக்குப் போன பிறகுதான் தெரிந்தது, டாக்டர் நோயாளியின் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தார். திரையில் ஓடியவை டாக்டரின் கைகள். அவர் கையை எடுத்தபோதெல்லாம் கோடு நேராகிவிட்டது.

3.50-க்கு நிறுத்தினார்கள். முதலியார்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர் அவர். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். முன்பே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று பிறகு அந்த டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். இதை எனக்கு ஆறுதலாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்று அன்றைக்கே டைரியில் எழுதியிருக்கிறேன்.

பிலோமினா என்ன செய்தார் என்பது பிறகு தெரிய வந்தது. திரையில் அறைகள் தெரியாததால், 2.41-க்கு மேசையை விட்டு எழுந்து அறை அறையாக நடக்க ஆரம்பித்திருக்கிறார். 127-இலிருந்து தொடங்கினார். ஒவ்வொருவருக்கும் நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எல்லாம் கையால் பார்த்து, சார்ட்டில் நேரம் போட்டு எழுதினார். ஓர் அறைக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று. 127, 128, 129, 130. ஐந்தாவது கதவைத் திறந்தபோது மணி 3.02.

மறுநாள் காலை அவரைத் தற்காலிகமாக வேலை நீக்கம் செய்தார்கள். மேசைக்கு மேலே கேமரா உண்டு. 2.41 முதல் 3.02 வரை நாற்காலி காலியாக இருப்பது அதில் தெளிவாகத் தெரிந்தது. அந்த இருபத்தொரு நிமிடங்களில் 131 கத்தியிருக்கிறது. நாற்காலியில் இருந்திருந்தால் திரையில் பார்த்திருப்பார் என்றது விசாரணைக் குழு. திரை வேலை செய்யவில்லை, இரண்டு தடவை ஐடி பிரிவுக்கு போன் செய்தேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். குழு போய்ப் பார்த்தபோது திரையில் பதினான்கு கட்டங்களும் பளிச்சென்று இருந்தன. நான்தான் சரிசெய்துவிட்டேனே. இன்டர்காம் அழைப்புகளுக்குப் பதிவு கிடையாது. சார்ட்டில் இருந்த நேரங்களைப் பிறகு உட்கார்ந்து எழுதியிருக்கலாம் என்றார்கள்.

மானிட்டர் சர்வரில் எல்லாம் பதிவாகியிருந்தது. எந்த நிமிடத்தில் எந்த மானிட்டர் அறுந்தது, எப்போது திரும்பியது எல்லாம். அதை எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கள் அறையில் மட்டுமே இருந்தார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை.

நான் வியாழக்கிழமையே துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மோசமான மனிதர் இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திவிட்டு, டீ வரவழைத்து, முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"பிங் போட்டீங்க. பதில் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு சார்."

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட நீங்க சொன்னது பொய் இல்ல. கேட்டா சொல்லுங்க. கேக்காத எடத்துல போய் நிக்காதீங்க. ரெண்டு பொண்ண படிக்க வச்சிட்டிருக்கீங்க."

அவர் சொன்னது எனக்கு வேண்டியிருந்தது. வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. அதற்கு மேல் வழக்கு வரும் என்ற பயம். விசாரணையில் உண்மை தானாக வெளியே வந்துவிடும் என்று நம்பிக்கொண்டேன். டைரியில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களிலும் ஒரே வரி இருக்கிறது: "யாரும் கேட்கவில்லை." திங்கட்கிழமை அதுகூட இல்லை. அன்றைக்கு எழுதியது ஒரு புதிய சுவிட்ச் வந்ததைப் பற்றி.

செவ்வாய்க்கிழமை காலை தலைவர் ஒரு தாளோடு வந்தார். குழு எங்கள் பிரிவிடம் ஒரு சான்று கேட்டிருந்தது. தட்டச்சாகியே வந்திருந்தது. குறிப்பிட்ட நாளின் பிற்பகலில் நெட்வொர்க் இயல்பாக இயங்கியது, இவ்வளவுதான். பணியில் இருந்தவன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"ஒரு வரிதான். போட்டுக் குடுத்துடுங்க, பன்னெண்டு மணிக்கு ஃபைல மூடறாங்க."

பேனாவை எடுத்தேன். எடுக்கவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் எடுத்தேன். அந்த வரியைப் படித்தேன். ஆறு படுக்கைகளுக்கு அது உண்மை. பிங் போட்ட இரண்டு படுக்கைகளுக்கும் உண்மை. இதுவரை நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் கையால் எழுதித் தர வேண்டும்.

"ஆறு பெட்டுக்கு மட்டும் இயல்பா இருந்துச்சுன்னு எழுதட்டுமா சார்?"

"வெளையாடாதீங்க. யோசிச்சுப் பண்ணுங்க."

அவர் எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். சர்வர் பதிவை அச்செடுத்தேன். ரவுட்டரில் நான் செய்த மாற்றத்தின் பதிவையும் எடுத்தேன். டைரியையும் சேர்த்து எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனேன். மணி 11.20.

குழுவில் மூன்று பேர். மாஸ்க் என்றால் என்ன என்று கேட்டார்கள். ஒரு வீதி, 254 வீடுகள், முனையில் ஒரு தபால்காரர் என்றேன். உன் வீதி 127-ஆம் வீட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது என்று நான் அவரிடம் சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் 131-ஆம் வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் அவர் வேறு ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார் என்றேன். ஒருவர் டைரியை வாங்கி, 2.25-ஐயும் 2.40-ஐயும் சர்வர் பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு ஒருவர், இதை ஏன் ஆறு நாள் கழித்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டார். யாரும் கேட்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பயந்துவிட்டேன் என்றேன்.

அன்று மாலையே பிலோமினாவின் வேலை நீக்கம் ரத்தானது. எனக்கு எழுத்துமூலமான எச்சரிக்கை; ஓராண்டுக்கு ரவுட்டரைத் தொடக்கூடாது என்ற உத்தரவு. தலைவர் அதன் பிறகு என்னோடு மின்னஞ்சலில் மட்டுமே பேசினார். சைக்கிள் கடைக்காரரின் மனைவியிடம் மருத்துவமனை என்ன சொல்லிற்று என்று எனக்குத் தெரியாது. நான் அவர் வீட்டுக்குப் போகவில்லை. முதலியார்பேட்டை வழியாகப் போகும் பஸ்ஸில் பல வருடம் போய் வந்தேன். இறங்கவில்லை.

இதிலிருந்து உங்களுக்கு ஆகும் விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மாற்றம் செய்யும் முன், உங்கள் பதிவேட்டை மூடிவிட்டு ரவுட்டரிடம் கேளுங்கள். செய்த பிறகு முதல் முகவரியைச் சோதிக்காதீர்கள். எது வேலை செய்யும் என்று உங்களுக்குத் தெரியுமோ, அதைத்தான் கை தானாகத் தேடிப் போகும். கடைசியைச் சோதியுங்கள், வெட்டிய இடத்துக்கு இரண்டு பக்கத்தையும் சோதியுங்கள். வார்டிலிருந்து ஒருவர் அழைத்தால், அவர் கண்ணால் பார்த்துச் சொல்கிறார், நீங்கள் பார்ப்பது ஒரு வரி எழுத்து. எழுந்து போங்கள். ஒரு மாடி ஏற ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் பிறகு எண்ணிப் பார்த்திருக்கிறேன், முப்பத்திரண்டு படிகள். சரிசெய்யும் முன் அந்த நிமிடத்து நிலையைப் பதிவு செய்து வையுங்கள். ஒரு கோளாறைச் சரிசெய்யும்போது, அதைச் சொன்னவரின் சாட்சியத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறோம்.

இவையெல்லாம் விதிகள். எழுதி ஒட்டிவைக்கலாம். விதியாக எழுத முடியாத ஒன்று அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடந்தது.

உத்தரவு போய்ச் சேரும் முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று மூலக்குளத்தில் பிலோமினா வீட்டைத் தேடிப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்று, மாற்றம் செய்தது நான், தவறு என்னுடையது, விசாரணையில் சொல்லிவிட்டேன், நாளைக்கு நீங்கள் வேலைக்கு வரலாம் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேறொன்றைக் கேட்டார்.

"நான் போன் பண்ணேன்ல சார்?"

"பண்ணீங்க. ரெண்டு தடவ. ரெண்டு இருபத்தஞ்சுக்கு ஒண்ணு, ரெண்டு நாப்பதுக்கு ஒண்ணு."

"இன்னொரு தடவ சொல்லுங்க."

சொன்னேன். வீட்டுப் பக்கம் திரும்பி, "அப்பா, கொஞ்சம் வெளிய வாங்க, இவரு சொல்றதக் கேளுங்க" என்று கூப்பிட்டார். கைலி கட்டிய ஒரு பெரியவர் வந்து நின்றார். அவரிடமும் சொன்னேன், இரண்டு நேரங்களையும். அவர் தலையாட்டிவிட்டு மகளைப் பார்த்தார்.

பிறகு பிலோமினா சொன்னார்:

"எல்லாரும் ஸ்க்ரீன் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாங்க. நீங்களும் அன்னிக்கு அதான சொன்னீங்க. அஞ்சு நாளா கேட்டுக் கேட்டு, எனக்கே சந்தேகம் வந்துடுச்சு சார். நேத்து கூப்ட்டுக் கேட்டாங்க. போன் பண்ணேனா இல்லியான்னு சரியா ஞாபகம் இல்ல, ஸ்க்ரீன நான்தான் கவனிக்கலியோ என்னவோன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

அந்தத் தாளைத் திரும்ப வாங்கித் தரும்படி மறுநாளே கேட்டேன். விசாரணைக் கோப்பில் சேர்ந்த தாளை எடுக்க வழியில்லை என்றார்கள். என் வாக்குமூலத்தை அதற்கு மேலே வைத்துத் தைத்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற நாளில் கடைசியாக அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அடியில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. அவருடைய கையெழுத்தும், திங்கட்கிழமைத் தேதியும்.